சடச்சி துண்டை அவிழ்த்த நாள்

போன வாரம் பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் பறந்ததோடு நிறுத்தியிருந்தேன். அந்தக் கூரையைத் திரும்பப் போட்டு முடித்த வருஷத்தில்தான் இதுவும் நடந்தது. எழுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிற்றூரில் நான் ஒற்றை ஆசிரியையாக இருந்தேன்.

புதூர்நாட்டில் அன்று சந்தை. மண்ணெண்ணெய் வாங்க டின்னை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கருவாட்டு நாற்றம், ஜீப் புகை, புதுச் சாமையைப் படியில் அளந்து கொட்டும் சரசரப்பு. வளையல்காரர் ஒரு பெண்ணின் கையைப் பிசைந்து பிசைந்து வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது சடச்சி வந்தாள். தலையில் புளிக்கூடை. முகத்தைச் சுற்றி அவள் புருஷனின் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. பின்னாலேயே புருஷன் பொன்னன், மகள் செல்வியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான்.

சந்தையில் பேச்சு குறைந்தது. அவளுக்கு நடந்தது மலை முழுக்கத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் முகத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை.

சடச்சி கோணியை விரித்தாள். கூடையை இறக்கி வைத்தாள். உட்காரவில்லை. இரண்டு கைகளையும் பின்னந்தலைக்குக் கொண்டுபோய்த் துண்டின் முடிச்சைத் தேடினாள்.

வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன்.

அவள் அடுத்துச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்தத் துண்டு அவள் முகத்துக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

பலா பழுத்த காலம்

சடச்சிக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு. நான் வேலையில் சேர்ந்த அன்றைக்கே இடுப்பில் கை வைத்தபடி வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீயாவது நிப்பியா டீச்சரு, இல்ல முன்ன வந்தவங்க மாதிரி நீயும் ஓடிப் பூடுவியா?”

சண்டைக்காரி. தண்ணீர் எடுக்கும் இடத்தில் அவள் குரல் கேட்காத நாள் கிடையாது. யாரோடும் ஒரு வேளைக்கு மேல் கோபம் வைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரியாது. காலையில் யாரைத் திட்டினாளோ அவர்கள் வீட்டு அடுப்பிலிருந்தே மாலையில் நெருப்பு வாங்கிக்கொண்டு போவாள்.

தோப்புக்குப் போகும்போது செல்வியைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போவாள். மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தை. பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னால் தானும் சேர்ந்து கத்தும்.

பலா பழுத்துக் கிடந்த மாதம் அது. காலையில் பனி இன்னும் கலையவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வி வாசலில் கல்லை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தோப்புப் பக்கமிருந்து தகர டின்னை அடிக்கும் சத்தமும், ஆட்கள் ஓடும் சத்தமும் வந்தன.

கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப் நிற்கும் பாதைக்குப் போவதானால் எங்கள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கட்டிலில் சடச்சி. அவள் முகத்தில் ஒரு பக்கம் இல்லை.

வேறு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் பல்வரிசை தெரிந்தது. கையிலிருந்த துணி கீழே விழுந்தது. மயக்கமாகத்தான் இருப்பாள், உயிர்கூட இல்லையோ என்று நினைத்தேன்.

அவள் பேசினாள்.

“டீச்சரு, பொண்ண உள்ள இட்டுக்கினு போ. அவ பாக்கக்கூடாது. இன்னா மரம் மாதிரி நிக்கற, போ.”

அதே குரல். தண்ணீர் எடுக்கும் இடத்துச் சண்டைக் குரல். நான் குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தி, கதவிலேயே முதுகைக் கொடுத்துச் சரிந்து உட்கார்ந்தேன்.

செல்வி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“எங்கம்மா யாரத் திட்டுது?”

பிறகு தெரிந்தது இதுதான். மரத்தடியில் விழுந்து கிடந்த பழத்தை எடுக்கக் குனிந்திருக்கிறாள். மரத்துக்கு அந்தப் பக்கம் கரடி குட்டியோடு இருந்திருக்கிறது. பனியில் இவளும் அதைப் பார்க்கவில்லை, அதுவும் இவளைப் பார்க்கவில்லை. கரடி எடுத்தவுடன் முகத்தைத்தான் பிடிக்கும் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

திருப்பத்தூரில் பார்த்துவிட்டு வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். பொன்னன் கூடவே போனான். செல்வியைப் பொன்னனின் அக்கா வைத்துக்கொண்டாள். பகலில் என்னிடம்தான் இருப்பாள். பலா முடிந்தது, மழை வந்தது, சாமை கதிர் வாங்கியது. அவர்கள் திரும்பவில்லை.

சாந்தும் பவுடரும்

இந்த இடத்தில் என் முகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை வாரங்களாக அதைத் தொடாமலேயே எழுதி வந்திருக்கிறேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது என் உதட்டோரத்தில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளை விழுந்தது. மிளகு புளியங்கொட்டை ஆயிற்று. அப்புறம் இடது இமையில் ஒன்று. வெண்புள்ளி என்று இன்று பக்குவமாகச் சொல்கிறார்கள். அன்று எங்கள் படவேட்டில் அதற்குச் சொன்ன பெயரில் குஷ்டம் என்ற சொல்லும் சேர்ந்திருந்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு என்னையும் தங்கை விஜயாவையும் வளர்த்தவர் அண்ணன். படவேட்டில் கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கற்பூரமும் குங்குமமும் விற்கும் கடை அவருடையது. ஆரணி ஆஸ்பத்திரிக்கும், யார் யாரோ சொன்ன வைத்தியர் வீடுகளுக்கும் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து மிதித்தார். ஒரு வைத்தியர் கொடுத்த எண்ணெய் தோலைப் பொசுக்கிவிட்டது. வழியெல்லாம் நான் அழுதுகொண்டே வந்தேன். சைக்கிளை மிதித்தபடி அவரும் அழுதிருக்கிறார். வீட்டில் இறங்கும்போதுதான் பார்த்தேன்.

பக்தியுள்ளவர்கள் திருநீறு பூசச் சொன்னார்கள். அதில் ஒரு சௌகரியம் இருந்தது. முகம் முழுக்கப் பூசிக்கொண்டால் வெள்ளையோடு வெள்ளை சேர்ந்து ஒன்றும் தெரியாது. எல்லா நாளும் அப்படி நிற்க முடியுமா.

ஆகவே சாந்துப் பொட்டையும் பவுடரையும் குழைத்துப் பூசக் கற்றுக்கொண்டேன். சரியான நிறம் வர வெகுநாள் பிடித்தது. வெயிலில் கரையும், மழையில் வழியும். சிரித்தால் உதட்டோரம் வெடிக்கும் என்பதால் சிரிப்பதைக் குறைத்தேன். மலைக்கு வேலை வந்தபோது மற்றவர்கள் மாற்றல் கேட்டு ஓடினார்கள், நான் சந்தோஷமாக ஏறினேன். குளிர் அதிகம், பூசியது கரையாது. பார்க்கிற ஆளும் குறைவு.

மலையில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

சாமை அறுப்பு சமயத்தில் சடச்சியைக் கூட்டிக்கொண்டு பொன்னன் வந்து சேர்ந்தான். செல்வியைத் தூக்கிக்கொண்டு போய் நானே அவர்கள் வீட்டு வாசலில் நின்றேன்.

தொடைத் தோலை எடுத்துக் கன்னத்தில் ஒட்டியிருந்தார்கள். அது வேறு நிறத்தில், வேறு யாருடையதோ போல இருந்தது. இடது கண் இருந்த இடத்தை மூடித் தைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் பாதி.

சடச்சி கையை நீட்டினாள். “வா கண்ணு.”

குழந்தை போட்ட அலறல் இருக்கிறதே, அதைப் போல ஒன்றை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டது. “எங்கம்மா எங்க, எங்கம்மாவக் கூப்பிடு” என்று அந்த அம்மாவின் எதிரிலேயே கேட்டது.

சடச்சி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். அழவில்லை. பொன்னனிடம் துண்டைக் கேட்டு வாங்கி முகத்தைச் சுற்றிக்கொண்டாள். அந்தத் துண்டு ஏறியது அப்போதுதான்.

மறுநாளிலிருந்து ஒரு விசித்திரம் நடந்தது. பள்ளிக்கூடத்துப் பின்சுவருக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு சடச்சி பேசத் தொடங்கினாள். மாடு இன்னா பண்ணுது, கோழி எங்க முட்டை வச்சுது, அத்தை சோறு போட்டாளா. வாய் கோணியதில் சில சொற்கள் காற்றாகப் போயின. ஆனால் குரல் அவளுடையது. முதலில் செல்வி திகைத்துச் சுவரைப் பார்த்தாள். பிறகு பதில் சொன்னாள். பிறகு சுவரோரமே கதியாகிவிட்டாள். இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் தாய். நடுவில் மண்சுவர்.

நான் பாடம் நடத்திக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஒரு நாள் மதியம் செல்வி கேட்டாள். “யம்மா, நீ ஏன் அந்தாண்ட கீற?”

சடச்சியின் குரல் வந்தது. “எம் மூஞ்சிய கரடி கீறிடுச்சி கண்ணு. பாத்தா நீ பயப்படுவ.”

“ரத்தம் வருதா?”

“இப்ப வரல.”

“வலிக்குதா?”

“இல்ல.”

குழந்தை எழுந்தது. சுவரைத் தடவிக்கொண்டே சுற்றிப் போனது. தடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் சாக்பீஸோடு நின்றுவிட்டேன். மறுபடி அந்த அலறல் கேட்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்ளவும் கை உயர்ந்தது.

அலறல் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சடச்சி துண்டை இறக்கியிருந்தாள். செல்வி எதிரில் குந்தி உட்கார்ந்து, தைத்த கண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மலையேறி வந்தார்

அந்த வாரக் கடைசியில் அண்ணன் வந்தார். இரண்டு பஸ், ஒரு ஜீப். வளைவுகளில் வாந்தி எடுத்து வெளிறிப்போய் இறங்கினார். கையில் பொரியும் முறுக்கும்.

சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“விஜயாவுக்கு இடம் அமைஞ்சிருக்குது சரசு. சந்தவாசல் பக்கம். நல்ல குடும்பம். வர்ற வளர்பிறையில நிச்சயதார்த்தம்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நான் ரெண்டு நாள் முன்னாடியே வர்றேண்ணா. பலகாரத்துக்கெல்லாம் ஆள் வேணுமே.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீ வர வேணாம்னு பாக்கறேம்மா.”

முதலில் எனக்குப் புரியவில்லை. வழிப்பயணம் கஷ்டம் என்று சொல்கிறார் போலும் என்றுதான் நினைத்தேன்.

“அவங்க பாத்தாங்கன்னா குடும்பத்துக்கே இருக்கும்னு நெனப்பாங்க. விஜயா வாழ்க்கை. லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கறேன். கோச்சிக்காத.”

என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்த மனிதர். வேறு யார் சொல்லியிருந்தாலும் இவ்வளவு தாக்கியிருக்காது. “சரிண்ணா” என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவரும் எப்படியோ சாப்பிட்டு முடித்தார்.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டுதான் நான் சந்தைக்குப் போயிருந்தேன்.

“பாத்து முடிச்சவங்க வாங்குங்க”

முடிச்சு அவிழ்ந்தது. சடச்சி துண்டை உதறி நாலாக மடித்துக் கோணிமேல் போட்டாள். பிறகு நிமிர்ந்து, முகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்பிக் காட்டினாள்.

யாரோ ஒரு பெண் “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். வளையல்காரர் கையிலிருந்த வளையல் உடைந்தது. ஒரு தகப்பன் மகனைத் தன் வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

“பாத்துக்குங்க,” என்றாள் சடச்சி. “கரடி கீறனது. இந்தக் கண்ணு இல்ல. இது தொடத் தோலு, வேலூர்ல வச்சித் தச்சாங்க. கிட்ட வந்து பாக்கறதுன்னாலும் வந்து பாருங்க. பாத்து முடிச்சவங்க புளி வாங்குங்க.”

சொல்லிவிட்டுத் துண்டின் மேல் உட்கார்ந்தாள்.

ஒருவரும் அசையவில்லை. அவமானத்தில் செத்துவிடுவாளே என்று நினைத்தேன். அவளோ புளியில் ஒட்டியிருந்த தூசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு கிழவி வந்தாள். குனிந்து, முகத்தோடு முகம் வைக்காத குறையாகப் பார்த்தாள். “இந்த நூலெல்லாம் உள்ளயே கெடக்குமா?” என்று கேட்டாள். “பிரிச்சுட்டாங்க” என்றாள் சடச்சி. கிழவி இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு, “புளி கொட்ட எடுத்ததா?” என்றாள்.

அவ்வளவுதான். மதகு திறந்த மாதிரி சனம் வந்தது. வந்து வந்து பார்த்தார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பார்க்கிறவர்கள் தீர்ந்துபோய், வாங்குகிறவர்கள் மட்டும் இருந்தார்கள். ஒரு ஆள் புளி கறுத்துக் கிடக்கிறது என்று குறை சொன்னான்.

“எம் மூஞ்சிய இவ்ளோ நேரம் பாத்துட்டு, புளியப் போய் நல்லால்லன்றியே,” என்றாள் சடச்சி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“உனக்கு எப்படி மனசு வந்தது சடச்சி?”

“செல்வி அன்னிக்கி ஒரு நாள் பூரா என்னையே பாத்துக்கினு கெடந்தா. அப்பறம் பாக்கறத வுட்டுட்டு சோறு கேட்டா. வயித்துல பொறந்ததே அவ்ளோதான் பாத்துது. ஊருக்காரன் எவ்ளோ நேரம் பாப்பான்?”

பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் என் பக்கம் திரும்பி, ஒற்றைக் கண்ணால் பார்த்துச் சொன்னாள்.

“ஒனக்கு வாயாண்ட கரையுது, தொடச்சிக்க.”

கை தானாக உதட்டுக்குப் போனது. விரலில் சாந்து.

“உனக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும் டீச்சரு. நீ வந்த மக்காநாளே புள்ளைங்க வூட்ல வந்து சொல்லிட்டுதுங்க. நீ மறைக்கற. செரி, அதுக்கு இன்னா கஷ்டமோன்னு நாங்களும் பாக்காத மாதிரி இருந்தோம்.”

தலையில் யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது. அத்தனை வருஷம், ஒவ்வொரு காலையும், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நான் பூசியதெல்லாம் யாரை ஏமாற்ற? மலையே எனக்காகப் பார்க்காததுபோல நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. உதட்டோரம் வெடித்து உதிர்ந்தது.

மண்ணெண்ணெய் வாங்காமலேயே திரும்பினேன்.

ஒரே தங்கச்சி

நிச்சயதார்த்தத்தன்று முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு படவேட்டுக்குக் கிளம்பினேன். தைரியசாலி மாதிரி எழுதுகிறேன், அப்படி ஒன்றும் இல்லை. வேலூர் பஸ்ஸில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள். இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அண்ணி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். “பின்னாடி வழியா வா சரசு.”

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். “யாரும்மா இது?”

“தூரத்துச் சொந்தங்க,” என்றார் அண்ணி.

தூரத்துச் சொந்தம். அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன். கையை விடுவித்துக்கொண்டேன்.

“நான் விஜயாவுக்குக் கூடப் பொறந்த அக்காங்க. மலையில டீச்சரா இருக்கறேன்.”

அந்த அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு ஒரே தங்கச்சின்னு சொன்னீங்களே?”

லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் பிறக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். கரடி கீறிய முகத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படிக் கண் இருட்டவில்லை. பந்தக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளிருந்து விஜயா வந்தாள். பாதி பின்னிய ஜடை, கையில் பூச்சரம். அலங்காரம் முடியாமல் மணப்பெண் வெளியே வரக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள். அவள் நேராக வந்து என் பக்கத்தில் நின்று அண்ணனைக் கேட்டாள்.

“ஒரே தங்கச்சின்னா, எங்க ரெண்டு பேர்ல யாருண்ணா இல்ல?”

அண்ணன் சந்தனக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து என் அருகில் வந்தார். உதட்டைப் பார்த்தார், இமையைப் பார்த்தார். முகத்தைத் திருப்ப என் கழுத்து துடித்தது. திருப்பாமல் நின்றேன். பார்க்கட்டும். வெகுநேரம் பார்த்தார்.

“எத்தினி வருசமா கீது?”

“பயிற்சிக்குப் படிக்கறப்போ வந்ததுங்க.”

“தொத்துமா?”

“தொத்தாதுங்க. சின்ன வயசுலேர்ந்து விஜயா என் பக்கத்துலதான் படுப்பா. அவளுக்கு ஒண்ணும் இல்ல.”

“வம்சத்துல எறங்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். அண்ணனின் கண்கள் அதைத்தான் கெஞ்சின.

“எறங்கலாம், எறங்காமயும் போலாம்னுதாங்க டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.”

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அந்த அம்மா அண்ணனிடம் கேட்டார். “கூடப் பொறந்தவளையே மறைச்சிருக்கீங்க. வேற இன்னாத்த மறைச்சிருக்கீங்கன்னு நாங்க எப்படி நம்பறது?”

அவர்கள் வீட்டு ஆண்கள் எழுந்து தெருக்கோடிக்குப் போனார்கள். அந்த அம்மாவும் போனார். தாம்பூலத் தட்டில் வெற்றிலை வாடத் தொடங்கியது. நான் விஜயாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னார். விஜயா தலையைத் திருப்பிக்கொண்டு, “அக்கா, மீதி ஜடையப் பின்னி வுடு” என்றாள். பின்னினேன். அவள் முதுகு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

அவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த அம்மாதான் பேசினார்.

“தட்டு மாத்தலாம். ஆனா மாத்தறப்போ இந்தப் பொண்ணும் பக்கத்துல நிக்கணும். நாளைக்கு எங்க ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. பாத்துதான் எடுத்தோம்னு நான் சொல்லணும்.”

பெரிய மனது என்று அதைச் சொல்ல மாட்டேன். அவருக்கு அவர் ஊரின் வாய்க்குப் பதில் தேவைப்பட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. தட்டு மாறியபோது விஜயாவுக்கு வலப்பக்கம் நின்றேன்.

சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில்

மறுநாள் காலை அண்ணன் என் பையைத் தூக்கிக்கொண்டு சந்தவாசல் வரை வந்தார். எனக்கு அவர்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ‘ஒரே தங்கச்சி’ என்ற சொல் உள்ளே எங்கேயோ குத்தி நின்றுகொண்டிருந்தது. அது வெளியே வரப் பின்னாளில் வருஷங்கள் ஆயின.

பஸ் வந்தது. பையை மேலே ஏற்றிவிட்டு, நான் உட்கார்ந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடு சரசு.”

“பலகாரத்துக்கா?”

“பொண்ண மணவறைக்கு அழைச்சினு வர்றதுக்கு. அதுக்கு அக்காதான் வேணும்.”

உதட்டில் அந்த வெள்ளை விழுந்த நாளிலிருந்து அண்ணன் என் தோளையோ நெற்றியையோ பார்த்துத்தான் பேசுவார். அன்று முகத்தை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவர் கம்பியை விட்டுவிட்டுக் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தார், பார்த்துக்கொண்டே.